பையோடு நட்ட இலுப்பை

ஐப்பசியின் முதல் மழை பெய்த மறுநாள், ஏரிக்கரையில் நாட்டு மரக்கன்றுகள் நட்டார்கள். நொச்சியின் பிளாஸ்டிக் பை வண்டியிலேயே கிழிந்துவிட்டது. அதனால் நொச்சி வெறும் மண்ணோடு குழிக்குள் இறங்கியது. பக்கத்துக் குழியில் இலுப்பையைப் பையோடு வைத்து மூடினார்கள். போட்டோ எடுப்பவருக்கு அவசரம்.

"அக்கா, இன்னிக்கு அந்தப் பக்கத்துப் புங்கையோட வேர் என்னைத் தொட்டுட்டுப் போச்சு" என்றது நொச்சி.

"எனக்கும் தினம் ஒரு வேர் எதிரே வருது தம்பி. ஆசையா போய்த் தொட்டா, அது என்னோடதாவே இருக்கு."

"அப்போ நானே வர்றேன் அக்கா."

மாசிவரை நொச்சி வேரை நீட்டிக்கொண்டே போனது. ஒருநாள் வழுவழுப்பாக ஏதோ தடுத்தது.

"அக்கா, வந்துட்டேன்!"

"எங்கே? இங்கே யாருமில்லையே" என்றது இலுப்பை.

பங்குனி வெயிலில் அதன் பேச்சு நின்றது.

அடுத்த ஐப்பசியில் காய்ந்த குச்சியைப் பிடுங்கினார்கள். பை கிழியாமல் முழுசாக வந்தது. "இந்த மண்ணு சரியில்லப்பா" என்றபடி ஒருவர், அதே குழியில் இன்னொரு கன்றைப் பையோடு இறக்கினார்.

மழை விட்டதும் புதுக்கன்று கேட்டது: "பக்கத்துல யாராவது இருக்கீங்களா?"