ஷார்ஜாவிலிருந்து ஒரு வரி

கீழ்வேளூர் பிரவுசிங் சென்டரில் காலை வெயில் விசைப்பலகை வரை வந்திருக்கிறது. எம்.சி.ஏ. முடித்த ஷமீரா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். உம்மா ஆயிஷா செல்போனை மகளின் காதருகே பிடித்தபடி நிற்கிறார். ஜாவா கணினி மொழியிலேயே இருக்கும், இரு கணினிகளை இணைக்கும் சாக்கெட்டை வைத்து ஷமீரா எழுதிய அரட்டை நிரலை, ஷார்ஜாவில் வாப்பா தம் அலுவலகக் கணினியில் ஓட்டுகிறார். மூன்று நாளாக இணைப்பு கிடைக்கவில்லை. இன்று கடைக்காரர் மனோகரன் ரவுட்டரில் அந்த இணைப்பு உள்ளே வருவதற்கான வழியை, போர்ட்டை, திறந்துவிட்டிருக்கிறார். கறுப்புத் திரையில் ‘கனெக்டட்’ என்ற வெள்ளைச் சொல் சட்டென்று முளைக்கிறது. “வந்துட்டீங்க வாப்பா!” என்று கத்துகிறாள். பக்கத்து நாற்காலிகள் திரும்புகின்றன. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. “டைப் பண்ணிட்டேனேம்மா,” என்கிறது செல்போன். “என்டர் தட்டுங்க வாப்பா, அப்பத்தான் இங்க வரும்!” சென்னையில் கிடைத்த வேலைக்குப் போகட்டுமா என்று ஒரு மாதமாகக் கேட்கிறாள், அவர் பதிலே சொன்னதில்லை. ஆங்கில எழுத்துகளில் ஒரு தமிழ் வரி திரையில் வந்து விழுகிறது. ஷமீராவின் கை வாயைப் பொத்துகிறது. “என்னடி எழுதிருக்காங்க?” என்று உம்மா தோளை உலுக்குகிறார். அவள் எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி வாசிக்கிறாள்: “சென்னைக்குப் போம்மா. வேலைல சேந்துக்க.”