ஃப்ரீசரில் ஒரு கப் கேக்

உருகிக்கிடந்த மீனைக் குப்பையில் போடச் சொன்னார் வீட்டுக்காரப் பெரியவர். பட்டாணியையும் போடச் சொன்னார். வழிந்தோடிய ஐஸ்கிரீமை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃப்ரீசரின் கோடியில் இருந்த சின்ன டப்பாவை ஃபிரிட்ஜ் மெக்கானிக் எடுத்ததும்தான் மனிதர் பதறிப்போனார். ஓடிவந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மெக்கானிக்குக் குறுகுறுத்தது. ஊரார் வீட்டு ஃப்ரீசருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் அவனுக்கு அலாதி ஆசை. தங்கச் சங்கிலியை ஐஸ் தட்டுக்கு அடியில் பதுக்கியவர்களைக்கூடப் பார்த்திருக்கிறான்.

பெரியவர் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு பை. பைக்குள் பிளாஸ்டிக் தாள். அதற்குள் இன்னொரு தாள். அத்தனைக்கும் உள்ளே, க்ரீம் வைக்காத ஒரே ஒரு கப் கேக்.

இதற்கா இந்தப் பாடு என்று அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சதும் இதைத் திரும்ப உள்ள வச்சிடலாமாப்பா?"

மெக்கானிக்கின் மனைவி வீட்டிலேயே கப் கேக் செய்து விற்பவள். அவன் காதில் எந்நேரமும் இந்தப் பேச்சுதான். நன்றாக ஆறவிடு, க்ரீம் பூசாதே, இறுக்கிச் சுற்று, மாதக்கணக்கில் தாங்கும். ஒருமுறை இளகிவிட்டால் மட்டும் அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். அதை அப்படியே ஒப்பித்தான்.

பெரியவர் முகம் தொங்கிப்போனது. தன் மனைவி கையால் செய்த கடைசிக் கேக் இது, இனிமேல் கிடைக்காது என்றார்.

மெக்கானிக்கின் சிரிப்பு அடங்கிவிட்டது. பாவம், எவ்வளவு தவித்திருப்பார் மனுஷன். ஸ்க்ரூ டிரைவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். காலையில் தன் மனைவி நீட்டிய கேக்கை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்தது வேறு அவனை உறுத்தியது.

அம்மாவுக்கு நல்ல கைப்பக்குவம்போல என்று மெல்லச் சொன்னான்.

"அதை அன்னைக்கு விருந்தாளிங்க முன்னாடி சொல்லியிருக்கணும்."

அறை வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். குளித்துவிட்டு வந்த ஈரத் தலை, தோளில் துண்டு, திடகாத்திரமான உடம்பு. மெக்கானிக் ஒரு கணம் ஆடிப்போனான்.

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு, கடையில் வாங்கியதே இதைவிடத் தேவலை என்று வாய்த்துடுக்காகச் சொல்லிவிட்டாராம். அன்றோடு அந்த அம்மாள் ஓவன் பக்கம் போகவில்லை. கணவரோடு பேச்சும் கிடையாது.

அந்த அம்மாள் டப்பாவை வெடுக்கென்று வாங்கினார். தாள்கள் எத்தனை என்று புரட்டிப் பார்த்தார். கேக்கை விரலால் அழுத்தினார். மெத்தென்றுதான் இருந்தது. அவர் கண் கலங்கியதை மெக்கானிக் பார்த்தான்.

கணவர் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். அந்த அம்மாள் மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார்.

"வெண்ணெய் வாங்கிட்டு வரணும்னு அவர்கிட்ட சொல்லுப்பா."