காரை வாங்க வந்தவர்

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு, நீ சும்மா..."

"என்னத்த நல்லா இருக்கு? வாங்க வந்தவர் வாசல்ல நிக்கிறார், உங்க கிழட்டுக் கார் மூச்சே விடல!"

"உன் நச்சரிப்புக்கு அதுவே பயந்து கிடக்கு."

கணவர் காரின் முன்பக்கத்தில் கைப்பிடியை மாட்டி மறுபடி சுழற்றினார். கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வேற இடம் பார்த்துக்கிறேன் சார்" என்று நடையைக் கட்டினார்.

"தலைமுழுகுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்!" முணுமுணுத்தபடியே மனைவி உள்ளே போனாள்.

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. சீட்டுக்கு அடியில் கைவிட்டு, காலையில் தானே கழற்றி வைத்திருந்த பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டினார். சீட்டியடித்துக்கொண்டே கைப்பிடியைச் சுழற்றினார்.

கார் கிளம்பவில்லை. இன்னொரு சுற்று, அப்போதும் இல்லை. இப்போது அவருக்கு நிஜமாகவே வேர்த்துவிட்டது.

"ஐயோ, உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று பானெட்டைத் தடவினார்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. மனைவியின் உள்ளங்கையில், இன்ஜினில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் இருக்கவேண்டிய ரோட்டர் என்ற சின்னப் பாகம்.

"இது இல்லாம எப்படிங்க கிளம்பும்? நான் ஏதோ வாய்க்கு வந்தபடி வித்துடுங்கன்னா, நிஜமாவே ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்திடுறதா?"