கல்யாணத்தன்று நட்ட ஓக் கன்று

டேராடூனில் வாழ்க்கைப்பட்ட பபிதா, மலை வழக்கப்படி கல்யாணத்தன்று மாப்பிள்ளையோடு சேர்ந்து பிறந்த வீட்டு வாசலில் ஓர் ஓக் கன்று நட்டிருந்தாள். முதல் தடவை அவள் வந்துபோன மறுவாரமே அது பட்டுப்போனது. அபசகுனம் என்று பதறிய அம்மா பச்னி, ஊர் கண்ணில் படுமுன் அதைப் பிடுங்கி எறிந்தாள். காட்டில் ஓக் விதைகள் பொறுக்கி வந்து தண்ணீரில் போட்டு, மிதந்த சொத்தையைத் தள்ளி, மூழ்கியதை அதே குழியில் ஊன்றினாள்.

போனில் மகள் மரத்தைக் கேட்கும்போதெல்லாம், "அதுக்கென்னடி, ஜம்முனு இருக்கு!" என்பாள்.

இன்று பபிதா பையோடு வந்து கன்றின்முன் நின்றாள்.

"இது நான் நட்டது இல்லம்மா."

"அதேதான்டி. ஓக்கு மெதுவாத்தான் வளரும்."

"அது பொழச்சிருக்காது. வேர்ல வெந்நீர் ஊத்தினதே நான்தான்."

"அடிப்பாவி! ஏன்டி?"

"அங்க அடி தாங்கல. போன்ல பேசறப்ப அவரு பக்கத்துலயே நிப்பாரு. மரம் பட்டுப்போச்சுன்னா நீயே பதறி ஓடி வருவேன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். நீ ஜம்முனு இருக்குன்னே."