சுவேதினி வென்ற ஆட்டம்

"இந்தாள் பெரிய பலம் ஒன்றும் இல்லை. பேப்பரில்தான் கிராண்ட்மாஸ்டர்" என்று போனில் தட்டி அனுப்பினாள் சுவேதினி.

மன்னார் முருங்கன் சந்தியில் அவளுடைய போட்டோக்கொப்பிக் கடை. மத்தியான வெயிலுக்கு ஒரு சனம் எட்டிப்பார்க்கவில்லை.

போனில் மட்டும் சண்டை கொதித்தது. பிரான்சில் இருக்கும் ஜெகதீபன் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டான் என்று ஊர்ப் பேஸ்புக் பக்கம் ஒன்றில் படம் போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட படம். கீழே முந்நூறு வாழ்த்து. மன்னாரின் முத்தாம், மண்ணின் மைந்தனாம். அப்பனின் ஊரான நறுவிலிக்குளத்துக்கு அவன் வந்துபோனதே மொத்தம் இரண்டு தரம். அதற்கு இந்தக் கூத்து.

அவளும் விடவில்லை. 'கட்டுக்கரைக் கொக்கு' என்ற கள்ளப் பெயரில் எழுதிக்கொண்டே இருந்தாள். சின்னப் போட்டிகளாகப் பார்த்துப் பொறுக்கி விளையாடி எடுத்த ரேட்டிங். எதிரில் இருந்ததெல்லாம் பென்சன் எடுத்த கிழடுகள். உண்மையான ஆள் வந்தால் இருபது நகர்வு தாங்கமாட்டான்.

"காய்த்த மரத்துக்குத்தானே கல்லெறி" என்றார் ஒருவர். "எரிச்சல் பிடிச்ச கொக்கு" என்றார் இன்னொருவர்.

எரிச்சல்தான். அது அவளுக்கே தெரியும். தமிழ்நாட்டு அகதி முகாமில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் குடியிருந்து, ஒரே பலகையில் விளையாடியவர்கள். இவளுடைய குடும்பம் ஊர் திரும்பியது. இங்கே செஸ் சொல்லித்தர ஆள் இல்லை. அவனை மாமன்காரன் பாரிசுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். அவனுக்குக் கோட்டு, இவளுக்குப் போட்டோக்கொப்பி.

"அந்தப் பெடியனோட உமக்கென்ன கோவம்? வந்து சாப்பிடுமன்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான் கணவன் றொபேட்.

"நீங்கள் சாப்பிடுங்கோ, வாறன்."

அதற்குள் ஒருவர் எழுதிவிட்டார்: "கொக்கிட்ட ஆதாரம் இருந்தால் காட்டட்டும்."

ஆதாரமா? அலுமாரியைத் திறந்து முகாம் கொப்பியை எடுத்தாள்.

அங்கே செஸ் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டத்தை நகர்வு நகர்வாக எழுத வேண்டும். தோற்றவர், வென்றவருடைய கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். இவளுடைய கொப்பியில் ஜெகதீபனின் கையெழுத்து ஒரேயொரு பக்கத்தில் இருந்தது. அவனுடைய கொப்பியில் இவள் எத்தனை பக்கத்தில் வைத்தாள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அந்த ஒரு பக்கம்தான் அவளுடைய சொத்து. தன்னாலும் முடிந்திருக்கும் என்று பதினாலு வருடமாக அவள் நம்பியது அதை வைத்துத்தான்.

படம் பிடித்துப் போட்டாள். "நான் அவனை வென்றனான். இருபத்தாறாவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்தவன்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பிறகு மன்னார் தாராபுரத்திலிருந்து பர்ஸானா என்றொரு பெண் எழுதினாள்: "கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தனான். ஜெகதீபனின் கறுப்பு தோற்கவில்லையே. ராணியைக் கொடுத்தால் அடுத்த நகர்வில் குதிரையால் செக்மேட். அவர் ஏன் கைகொடுத்தவர்?"

சுவேதினி பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினாள். தோற்ற ஆட்டங்களை நூறு தரம் போட்டுப் பார்த்தவள்தான். வென்ற ஆட்டத்தை யார் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்?

கறுப்பு ராணி முன்னால் போனது. வெள்ளைக் கோட்டை அதை வெட்டியது. குதிரை பாய்ந்தது. வெள்ளை ராசாவுக்கு அசைய இடமில்லை.

அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அந்த ஒரு கிழமைக்குள் இதே விதமாக ராணியைக் கொடுத்து அவளை இரண்டு தரம் வென்றவன் அவன்.

கொப்பியைத் திரும்பப் பார்த்தாள். கையெழுத்துக்குக் கீழே திகதி. அடுத்த நாள் காலைதான் அவளுடைய குடும்பம் முகாமைவிட்டுப் புறப்பட்டது.

பன்னிரண்டு வயதுப் பெடியன். தோற்றுக்கொடுத்துவிட்டு, அவளுக்குச் சந்தேகம் வராதபடி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கையெழுத்தும் வைத்திருக்கிறான்.

"கொக்கு, இப்ப சொல்லும். ஆள் எவ்வளவு பலம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

எவ்வளவு பலம் என்று அந்த முந்நூறு பேரிலும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தோற்றுக்கொடுத்த அந்தக் கதையை ஒருவருக்கும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.