முதல் கதிர்

தையல் கம்பெனியில் அந்த சூப்பர்வைசருக்குக் கத்தரி மேடம் என்று பட்டப்பெயர். துணியைவிட லீவைத்தான் அதிகம் வெட்டுவார்.

“விளைஞ்சதுக்கு சாமிக்கு நன்றி சொல்லிப் படைக்கிறதுக்கெல்லாம் லீவு கிடையாது. நீ ஒருத்தி போகலைன்னா சாமி கோவிச்சுக்குமா?”

“சாமி கோவிக்காது மேடம், அப்பாதான். வீட்டுல ஒரு ஆள் குறைஞ்சாலும் புது அரிசியை உலையில போடமாட்டார்” என்றாள் தையல்காரி, கையைப் பிசைந்தபடி.

“நல்லா கதை அளக்கிற! சரி, படையலுக்கு முதல் கதிரை எங்கேருந்து அறுப்பீங்க?”

பொய்யா என்று சோதிக்கிறார் போலும். “கிணத்தடியிலேருந்து மேடம்.”

“வாய்க்கால் பக்கம்தானே முதல்ல கதிர் முத்தும்?”

“ஆமா. ஆனா நிலத்தை வித்தவர் எங்கப்பாகிட்ட, முதல் கதிரைக் கிணத்தடியிலதான் அறுக்கணும்னு அது ஒண்ணைத்தான் கேட்டுக்கிட்டாராம். அதனால வருஷாவருஷம் அந்தக் கிணத்தடி நாவல் மரத்துக்கிட்டதான் ஆரம்பிப்போம்.”

மேடத்தின் கையிலிருந்த கத்தரி மெல்ல மேசைக்கு இறங்கியது.

“அந்த மரத்துல, தாழ்ந்த கிளையில, கயிறு அறுத்த தழும்பு இருக்கா?”

“ஐயோ ஆமா! உங்களுக்கு எப்படி மேடம்...”

“அது என் தொட்டில் கயிறு. முதல் கதிரை என் கையில குடுத்துட்டுதான் எங்கப்பா அடுத்ததை அறுப்பார்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “லீவு எடுத்துக்கோ, போ” என்றார்.

தையல்காரி நகரவில்லை.

“ஒரு ஆள் குறைஞ்சா அப்பா உலை வைக்கமாட்டார் மேடம். நீங்களும் கிளம்புங்க.”