ரத்ரியின் காதுக்கு ஓர் அழைப்பு

"என் ஹெட்போனை எடுத்தா சொல்லிட்டு எடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அவகிட்ட," என்றபடி பகாஸ் தன் போனில் புளூடூத்தைத் திறந்தான்.

அம்மா சுலஸ்த்ரி கையில் தெம்பே என்னும் சோயா வறுவல் பொட்டலத்தோடு எட்டிப் பார்த்தாள். "கிடைக்குதாடா? இன்னும் ஒண்ணும் சாப்பிடல அவ."

"அவ அதை ஆன் பண்ணினாத்தானேம்மா காட்டும். பக்கத்துலயும் இருக்கணும்."

"அப்ப இந்தப் பக்கம் வந்து பாரு."

நான்கு அடி நகர்ந்தான். ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு அடி வைத்ததும் திரை மாறியது: 'இணைக்கப்பட்டது.'

பகாஸ் கையை உயர்த்தினான்.

மண்வெட்டிகள் நின்றன. பொக்லைனை அணைத்தார்கள். முந்தின நாள் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்த அந்த மூன்று மாடி மாணவியர் விடுதியில் இனி யாரும் உயிரோடு இல்லையென்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, உங்க போன்ல என்னைக் கூப்பிடுங்க. நான் எடுத்தா உங்க குரல் அவ காதுக்குப் போகும். அவ பேசினா உங்களுக்குக் கேக்கும்."

அழைத்தாள். எடுத்தான்.

"ரத்ரி, அம்மா பேசுறேன். கேக்குதா கண்ணு?"

இடிபாடுகளின் மேல் நின்ற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மீட்புப் படைத் தலைவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அம்மாவின் போனருகே மண்டியிட்டார்.

வெகுநேரம் கழித்து, நூல் போல ஒரு குரல் வந்தது.

"கேக்குதும்மா. இங்க நாங்க நாலு பேர் இருக்கோம்."